வீம்புக்கு ஏற்றிய முப்பதாயிரம்

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. இதை என் மனைவி சொல்வாள், தங்கச்சி சொல்வாள், பரவை மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர்கள்கூடச் சொல்வார்கள். அந்தக் கோபத்துக்கு ஒரு விலை உண்டு, அது முப்பதாயிரம் ரூபாய் என்பது ஆன்லைன் ஏலத்துக்குப் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

தங்கச்சி கல்யாணச் செலவுக்காக என் லோடு வண்டியை விற்றேன். அதற்கப்புறம் ஏழு வருஷமாக அடுத்தவன் வண்டிதான். பரவையில் காய்கறி ஏற்றிக் கடை கடையாக இறக்க வேண்டும். வண்டியில் ஒரு கீறல் விழுந்தால் போதும், ஓனர் நடுரோட்டில் நிறுத்தி, "இது என்ன ஒங்கப்பன் வீட்டு வண்டியா?" என்பான். என்னைவிடப் பத்து வயசு சின்னவன். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். சொந்தமாக ஒரு வண்டி எடுத்து, அவன் சாவியை அவன் மேஜையிலேயே விட்டெறிய வேண்டும். ஏழு வருஷமும் இதே நினைப்புதான்.

ஆரப்பாளையத்தில் பிரௌசிங் சென்டர் வைத்திருக்கும் என் சிநேகிதன்தான் இணையத்தில் பழைய வண்டிகளை ஏலம் விடுகிறார்கள் என்று காட்டினான். அதில் ஒன்று நான் விற்ற அதே மாடல். நேரில் போய் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். இன்ஜின் சத்தம் சுத்தமாக இருந்தது. சிநேகிதன் எனக்குப் பாடமே நடத்தினான்.

"மாப்ள, எம்புட்டு வரைக்கும் போவேன்னு மொதல்லயே முடிவு பண்ணிக்க. அதுக்கு மேல கைய வைக்கக் கூடாது. ஆரம்பத்துலயே கேட்டா மத்தவன் உஷாராயிருவான், கடைசி நிமிஷத்துல கேளு. எந்த வண்டிய எடுக்கப் போறேன்னு ஒரு ஆள்கிட்டயும் மூச்சு விடாத."

நானும் மூச்சு விடவில்லை. மனைவி என் போனில் ஏலத்துக்கு வந்திருந்த அந்த வண்டிப் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏங்க, வாங்கப் போறீங்களா?" என்று ஆசையாகக் கேட்டாள். "சும்மா பாக்குறேன். துட்டு என்ன மரத்துலயா காய்க்குது?" என்று எரிந்து விழுந்தேன். ஏலத்துக்கு நான் முன்பணம் கட்டியிருந்தது அவளுக்குத் தெரியாது.

ஏலத்தன்று சிநேகிதன் கடையில் உட்கார்ந்தேன், மத்தியானம் மூன்று மணிக்கு முடிய வேண்டும். என் வரம்பு ஒரு லட்சத்து எண்பதாயிரம். திரையில் யார் பெயரும் வராது, எண் மட்டும்தான். மற்றவர்கள் ஒன்றரை லட்சத்திலேயே கழன்றுகொண்டார்கள். ஏழாம் எண் மட்டும் விடவில்லை. சொல்லிக் கொடுத்தபடி கடைசி நிமிஷத்தில் கேட்டேன். கேட்டதும் கடிகாரம் ஐந்து நிமிஷம் கூடிவிட்டது. கடைசியில் யார் கேட்டாலும் நேரம் நீளுமாம். "இதச் சொல்லாம என்னடா வெங்காயப் பாடம் நடத்துன?" என்று சிநேகிதன் மேல் பாய்ந்தேன்.

ஏழாம் எண்ணோ ஒவ்வொரு தடவையும் எனக்கு மேல் ஆயிரத்தொரு ரூபாய் வைத்தது. அந்த ஒற்றை ரூபாய்தான் என்னைக் கிறுக்காக்கியது. எவன்டா இவன், நக்கலா பண்ணுகிறான்? நான் ஒன்று எண்பது கேட்டேன். ஒன்று எண்பத்தோராயிரத்து ஒன்று என்று வந்து நின்றது.

"விட்ரு மாப்ள, ஒன் கணக்கு முடிஞ்சு போச்சு," என்றான் சிநேகிதன்.

விட்டிருக்க வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்துக் கோயில் ஏலத்தில், பொருள் கைக்கு வராது என்று தெரிந்தால் எடுக்கிறவனை நோகடித்துத்தான் விடுவார்கள். ஒற்றைத் தேங்காயை ஐயாயிரத்துக்கு ஏற்றிவிட்டு, "வச்சுக்கடா!" என்று துண்டை உதறிக்கொண்டு போவார்கள். நானும் அதைப் பார்த்து வளர்ந்தவன்தானே. மேலே மேலே ஏற்றினேன். அவன் பாதியில் விட்டால் வண்டி என் தலையில் விழும், அதற்குப் பணமில்லாமல் முன்பணமும் போகும். சிநேகிதன் என் கையைப் பிடித்து இழுத்தான், உதறிவிட்டேன். இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்துக்குக் கேட்டேன். ஏழாம் எண் வழக்கம்போல ஆயிரத்தொன்று கூட்டியது. "தூக்கிட்டுப் போடா, தொலை!" என்று திரையைப் பார்த்துக் கத்திவிட்டு எழுந்தேன். வண்டி போன வருத்தத்தைவிட, எவனையோ முப்பதாயிரத்துக்கு மொட்டையடித்த சந்தோஷம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. சீ.

அடுத்த வாரம் வில்லாபுரத்தில் என் வீட்டு வாசலில் ஹாரன் சத்தம். வெளியே வந்தால், மாலை போட்டுக்கொண்டு அதே வண்டி. உள்ளிருந்து தங்கச்சி குதித்து இறங்கினாள். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு.

"அண்ணே, ஒன் வண்டி! நீ இதையே பாத்துக்கிட்டு ஏங்குறேன்னு மதினி சொல்லுச்சு. கல்யாணத்துக்கு நீ வித்ததுக்குப் பதிலா நான் எடுத்துட்டேன்."

அதே மூச்சில் பொரிந்து தள்ளினாள்.

"ஒன்னு எண்பதுலயே முடிஞ்சிருக்கும்ணே. எவனோ ஒரு வீம்பு புடிச்ச நாயி, கடைசி வரைக்கும் ஏத்திவிட்டுட்டான். சேத்து வச்சது பத்தாம என் தோட்டையும் வித்தேன். அவன் நல்லா இருப்பானா? கை வெளங்காமப் போவான்!"

அவள் காதைப் பார்த்தேன். வெறுங்காதில் வேப்பங்குச்சி செருகியிருந்தாள்.

"எதுக்குடி ஒத்த ரூபா வச்சு வச்சுக் கேட்ட?" என்றேன்.

"எனக்கு எடுக்குறதா இருந்தா ரவுண்டாக் கேட்டிருப்பேன். இது ஒனக்குச் செய்யுறதுல்ல? மொய் எழுதுறப்ப ஒத்த ரூபா இல்லாம எழுதுவோமா?"

"அந்த நாயி நான்தான்," என்றேன்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. மூன்று மணி, நீண்டுகொண்டே போன கடிகாரம், ஆரப்பாளையம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவாள், அறைந்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவள் முப்பதாயிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகம் வெளுத்துப் போய் என் வலது கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஐயோ, ஒன்னையவா அண்ணே அம்புட்டுச் சொல்லிட்டேன்?"

டயருக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து, அழுதுகொண்டே என் தலைக்கு மேல் மூன்று முறை சுற்றினாள்.