சுவர்ப்பக்கம் திரும்பியவள்

திருவொற்றியூரில் நான் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டின் இணையதளத்தில் ஓட்டை இருக்கிறதா என்று சோதிக்க, ராயபுரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஒல்லி உடம்பு, குட்டை முடி, மடியில் ஹெல்மெட். தளத்துக்குப் பொறுப்பு நான்தான். கம்ப்யூட்டரை அணைத்துப் போடத் தெரிந்ததால் கிடைத்த பதவி.

லாரிக்காரர்கள் கன்டெய்னரை வெளியே எடுக்க கேட் பாஸ் பதிவிறக்கும் பக்கத்தைத் திறந்தாள். முகவரியில் பாஸ் கோப்பின் பெயர் இருந்த இடத்தில் இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு என்று திரும்பத் திரும்ப அடித்து, கடைசியில் தளத்தின் செட்டிங்ஸ் கோப்பின் பெயரைச் சேர்த்தாள்.

"இன்னாம்மா பண்ற?"

"பாஸ் வெச்சிக்கிற ரூமுலேர்ந்து படிப்படியா மேல ஏறிக்கினு கீறேன். எங்கியும் கதவே இல்லண்ணா."

என்டரைத் தட்டிவிட்டு நாற்காலியோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்தவர் ரகசியம் திறக்கும்போதெல்லாம் அப்படித்தானாம்.

"தொறந்துகிச்சா? நீயே பாத்து சொல்லு. நான் பாக்க மாட்டேன்."

திறந்திருந்தது. என் பாஸ்வேர்டு முழுதாகத் தெரிந்தது. அதை வைத்து எவனும் பாஸ் போட்டு, யாருடைய கன்டெய்னரையும் ஓட்டிக்கொண்டு போகலாம். "தொறந்துகிச்சும்மா," என்றேன். வெளியே டிரெய்லர்கள் பாஸுக்காக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"மொதல்ல இந்த பாஸ் பக்கத்தையே மூடுண்ணா. வண்டி நிக்கட்டும்."

மூடினேன்.

கிளம்பும்போது ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "இனிமே பாஸ்வேர்டுல சொந்தப் பேர வெக்காதண்ணா."

வைத்திருந்தேன். பின்னால் 'கிங்' என்றும் சேர்த்திருந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, அது நிச்சயம். என் மூஞ்சியை வைத்தே கண்டுபிடித்திருப்பாளோ என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.