தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்

ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே மெஷின் ரிப்பேர் செய்வது என் தொழில். உடம்புக்குள் இருப்பதெல்லாம் படத்தில் தெரிகிறது, சாமி மட்டும் ஒரு படத்திலும் விழவில்லை என்று தாராவியில் என் வீட்டிலேயே முப்பது வருடமாகப் பிரசங்கம் செய்துவந்தேன். கேட்க ஆள் என் மனைவி ஒருத்திதான். "உங்க மெஷினுக்குப் பவர் பத்தாது" என்பாள், வெங்காயம் உரித்துக்கொண்டே.

திலக் நகரில் இருக்கும் எங்கள் மகள், தனக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து உண்டாகியிருந்தாள். சுகப்பிரசவம் ஆக வேண்டுமென்று என் மனைவி அம்மனுக்குத் தீச்சட்டி நேர்ந்துகொண்டாள். காப்புக் கட்டிவிட்டால் கொடை விழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. திருநெல்வேலிப் பக்கம் என்றால் எல்லைக்கு ஓர் ஓடையாவது இருக்கும். இங்கே கோயில் பெரியவர்கள் கூடிப் பேசி, சயான் ஸ்டேஷன் தண்டவாளம்தான் எல்லை என்று எப்போதோ முடிவு செய்திருந்தார்கள்.

"ரயில்வேகாரன்ட்ட உங்க அம்மன் பட்டா வாங்கிருக்காளாக்கும்?" என்றேன். அவள், காப்பாகக் கையில் கட்டிய மஞ்சள் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காப்புக் கட்டிய நான்காம் நாள் பகலில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டிருந்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. விழுந்த இடமே ஆஸ்பத்திரி என்பது என் அதிர்ஷ்டம். அந்தச் சொல்லையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. அடைப்பு எடுக்க வீட்டு ஆள் கையெழுத்து வேண்டும் என்றார்கள். மகள் படுக்கையை விட்டு எழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், மாப்பிள்ளை நாசிக்கில். கூட வேலை செய்பவர் என் மனைவிக்குப் போன் செய்தார்.

வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். பயமாக இருந்தது. அரை மணி நேரத்தில் மூச்சு வாங்க வந்து நின்றாள். காப்புக் கட்டிய கையால் ஃபாரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

"எல்லை தாண்டிட்டியே, மவளுக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?" என்று கேட்டேன். கேட்டது நான்தான்.

"குத்தம்னா என் தலையில போடு தாயேன்னு சொல்லிட்டுத்தான் தாண்டுனேன். நீங்க பேசாம படுங்க." 

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். எந்தச் சாமிக்கும் பயந்தவனில்லை என்று முப்பது வருடமாக மார்தட்டியவன் நான். இல்லாத ஒன்றுக்குப் பயப்படாமல் இருக்க என்ன தைரியம் வேண்டும்? அம்மன் இருக்கிறாள், பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று முழுதாக நம்புகிறவள் என் மனைவி. அவள்தான் தாண்டி வந்தாள்.