மஞ்சள் மேசையும் லிண்டன் மரமும்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு மாலை அப்பா காரின் பின்னால் ஒரு வீட்டைக் கொளுவிக்கொண்டு வந்தார்.

சில்லுப் பூட்டிய வீடு. ஜெர்மன்காரர்கள் அதை வோன்வாகன் என்பார்கள். தொழிற்சாலையில் அப்பாவோடு வேலைக்கு நின்ற போலந்துக்காரர் ஒருவர், தோட்டத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று கொடுத்துவிட்டாராம். அது அம்மாவைவிட இரண்டு வயதுதான் இளையது. ஹனோவருக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த அடுக்குமாடிக்குப் பின்புறம், வாகனங்கள் விடும் முற்றத்தில் அப்பா அதை நிறுத்த முன்னரே நானும் அண்ணாவும் கதவைத் திறந்து உள்ளே பாய்ந்துவிட்டோம். இரண்டு அடுப்பு, கைக்குட்டை அளவில் ஒரு தொட்டி, பூப்போட்ட திரைச்சீலை, ஜன்னலோரம் ஒரு மேசை. அந்த மேசையின் காலை மடக்கி, பலகையைக் கீழே இறக்கி, மேலே மெத்தையைப் போட்டால் அதுவே ஒரு கட்டில். அந்தக் கட்டில் எனக்கு என்று நான் அந்த நிமிடமே அறிவித்தேன்.

அம்மா கடைசியாக ஏறினார். மேசையைப் பார்த்தார். அடுப்பும் தொட்டியும் பதித்த சமையல் தட்டைப் பார்த்தார். மேசை முழுக்க, ஒன்றின்மேல் ஒன்றாகக் கோப்பிக் கோப்பைகளின் வட்டங்கள். தட்டின் ஓரத்தில் சிகரெட் சுட்ட தழும்புகள். தொட்டியைச் சுற்றிப் பலகை தண்ணீர் குடித்து ஊதிப்போயிருந்தது.

"இதில வைச்சு என்ரை பிள்ளையளுக்குச் சாப்பாடு குடுக்க மாட்டன்" என்றார்.

அம்மா காலைகளில் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை செய்தவர். அவர் கையில் தப்பிய கறை ஊரில் கிடையாது. ஆனால் இரண்டு நாள் தேய்த்தும் அந்த மேசை அவருக்குப் பணியவில்லை. அழுக்கு அழுக்காக இருந்த காலம் போய், அதுவே மேசையாகிவிட்டது.

"மேல் பூச்சைத் தேய்ச்சு எடுத்துப்போட்டுப் புதுசா பெயின்ற் அடிச்சால்தான் சரி" என்றார் அம்மா. அப்பாவுக்கு அப்படியே விட்டாலும் சரிதான். ஆனால் எனக்கு விட முடியாது. கோடை விடுமுறைக்கு எங்கே போகிறீர்கள் என்று வகுப்பில் ஆசிரியை கேட்டபோது, மூன்று வருடமாக "சித்தி வீடு" என்றே சொல்லி வந்த நான், அந்த முறை எழுந்து நின்று, திங்கட்கிழமை நாங்கள் கிழக்குக் கடலுக்குப் போகிறோம், எங்கள் சொந்த வீட்டில் போகிறோம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

வேலை தொடங்கியது. முதலில் சலவைச் சோடா கரைத்த தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவினோம். பிறகு ஷ்லைஃப்பப்பியர். சொரசொரப்பான அந்தத் தாளுக்குத் தமிழில் என்ன பெயர் என்று எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. பளபளப்புப் போய்ப் பலகை மங்கும்வரை எல்லோரும் மாறி மாறித் தேய்த்தோம். அம்மா சிகரெட் தழும்புகளைச் சுரண்டி, பசையை வைத்து, தோசைக்கரண்டியால் வழித்துச் சமப்படுத்தினார். தூசி படிந்து அண்ணாவின் மீசை மயிர் நான்கும் வெள்ளையாகிவிட்டன.

நிறத்தில் சண்டை வந்தது. அப்பா வெள்ளை என்றார், அண்ணா கறுப்பு என்றான். "அவள்தானே அதில படுக்கப்போறாள், அவளைக் கேளுங்கோ" என்றார் அம்மா. நான் மஞ்சள் என்றேன். சாதாரண மஞ்சள் இல்லை, கண்ணைக் கூசவைக்கிற மஞ்சள். சமையல் தட்டுக்கும் அதையே அடித்தோம். சனிக்கிழமை மத்தியானம் கடைசிப் பூச்சு முடிந்தபோது, அந்த இருண்ட பெட்டிக்குள் யாரோ விளக்கேற்றியது போல இருந்தது. நான் சந்தோஷத்தில் முற்றத்தைச் சுற்றி மூன்று தரம் ஓடினேன்.

மேசைப் பலகையைக் கழற்றி வெளியேதான் பூசியிருந்தோம். "நல்ல வெயில், வெடிச்சுப்போகும். நிழலில வைச்சுக் காய விடுங்கோ" என்று சொல்லிவிட்டு அம்மா மேலே சமைக்கப் போனார். நிழலைத் தெரிவு செய்தவள் நான். முற்றத்தின் மூலையில் பெரிய லிண்டன் மரம் ஒன்று நின்றது. பூத்துக் குலுங்கி, தேன் வாசனை வீசிக்கொண்டு. அண்ணாவை ஒரு பக்கம் பிடிக்க வைத்து அதன் கீழே கொண்டுபோய் வைத்தேன்.

மாலையில் போய்ப் பார்த்தபோது மேசை கறுத்திருந்தது.

கிட்டப் போனால், கறுப்பு அசைந்தது. கடுகளவு வண்டுகள், நூற்றுக்கணக்கில், மஞ்சளில் ஒட்டிக் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தன. இடையிடையே லிண்டன் பூக்கள், தும்புகள், இலையிலிருந்து சொட்டிய பிசின்.

"மஞ்சளைக் கண்டால் பூ எண்டு நினைச்சு வரும். உயிரியலில படிச்சனாங்கள்" என்றான் அண்ணா. அந்த அறிவை மத்தியானமே சொல்லியிருக்கலாம் என்று அழுதுகொண்டே அவனுக்கு அடித்தேன்.

அம்மா வந்து பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் குனிந்து ஒரு வண்டை நகத்தால் கிளப்பிப் பறக்கவிட்டுப் பார்த்தார். பிறகு, "நாளைக்குத் திரும்பத் தேய்ப்பம்" என்றார்.

"நாளைக்கு ஞாயிறு" என்றார் அப்பா, ஏதோ மரணச் செய்தி சொல்வதைப் போல. ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடும் வேலை செய்யக் கூடாது என்பது இந்த நாட்டின் விதி. அப்பாவைப் போல விதிகளுக்குப் பயந்த ஒருவரை நான் கண்டதில்லை. ஆள் இல்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பார். எனக்கு அது வெட்கமாக இருக்கும்.

"கையாலதானே. வாகனுக்குள்ள வைச்சுச் செய்வம், இஞ்சருங்கோ" என்றார் அம்மா.

ஞாயிறு காலை, எல்லா ஜன்னலும் பூட்டிய அந்தப் பெட்டிக்குள் நாலு பேரும் மேசையைச் சுற்றி இருந்து, வியர்வை வழிய, வண்டு வண்டாகத் தேய்த்தோம். "மெதுவா, மெதுவா" என்று அப்பா கிசுகிசுத்தார். அண்ணா தும்மியபோது அவன் வாயைப் பொத்தினார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அம்மாவுக்கும்தான்.

அப்போது கதவில் யாரோ தட்டும் சத்தம் கேட்டது.

அப்பா கையிலிருந்த தாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். கதவைத் திறந்தால் இரண்டாம் மாடிக்காரி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். படிக்கட்டுத் துப்புரவு முறை தவறினால் சீட்டு எழுதி ஒட்டுகிறவள். அப்பா மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். அவள் அதைக் காதில் வாங்காமல் மேசையைப் பார்த்தாள்.

"லிண்டன் மரத்துக்குக் கீழேயா காயவைத்தீர்கள்? நேற்று ஜன்னலால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்" என்று ஜெர்மனில் சொன்னாள். நிலவறையில் உடுப்புக் காயப்போடும் அறையின் பூட்டுக்குரிய திறப்பு அவளிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே உடுப்புக் காயப்போடக் கூடாது, ஆனால் மேசையைப் பற்றி விதியில் ஒன்றும் எழுதவில்லை என்று சொல்லித் திறப்பை அம்மாவிடம் கொடுத்தாள்.

வண்டு புகாத அந்த அறையில், கயிறுகளுக்குக் கீழே, மஞ்சள் மறுபடி பூசப்பட்டது. நான் மணிக்கொரு தரம் படியிறங்கிப் போய்க் கதவின் கண்ணாடியால் எட்டிப் பார்த்தேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு அப்பா மேசையின் கடைசித் திருகாணியை முறுக்கினார். ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். பின்கண்ணாடியால் எங்கள் வீடு எங்களைப் பின்தொடர்ந்து வருவதைப் பார்த்தபடி நானும் அண்ணாவும் கத்திப் பாடிக்கொண்டு வந்தோம்.

இருபது நிமிடம்கூட ஓடியிருக்காது. மாவட்ட எல்லைப் பலகை தெரிந்த இடத்தில், தெருவோரத் தரிப்பிடம் ஒன்றில் அப்பா காரை நிறுத்தினார்.

"சாப்பிடுவம்" என்றார்.

"பசிக்கேல்லை! இப்பதானே வெளிக்கிட்டனாங்கள்!" என்று கத்தினேன்.

அம்மா இறங்கினார். வாகனுக்குள் போய்ப் புது மேசையைத் துடைத்து, புட்டும் முட்டைப் பொரியலும் எடுத்து வைத்தார். இருவரும் எதிரெதிரே இருந்தார்கள். அப்பா மேசையைத் தடவிப் பார்த்து, "வடிவாத்தான் வந்திருக்குது, என்ன?" என்றார். அம்மா ஓம் என்றார். பிறகு இருவரும் ஜன்னலால் வெளியே, அந்த எல்லைப் பலகைப் பக்கமே பார்த்துக்கொண்டு, உலகத்தில் வேறு வேலையே இல்லாதவர்களைப் போல ஆறுதலாகச் சாப்பிட்டார்கள்.

நான் பல்கலைக்கழகம் போகிற வருடம், அந்த வழியால் போகும்போது அம்மா சாதாரணமாகச் சொன்னார். அகதியாக வந்த காலத்தில் அவரவருக்குக் கொடுத்த மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அப்பாவுக்கு இந்தப் பக்கம், அம்மாவுக்கு அந்தப் பக்கம். கலியாணம் பேசி வந்தவர்கள். ஒரே ஊரில் விடும்படி கொடுத்த அன்ட்ராக் என்கிற விண்ணப்பத்துக்குப் பதில் வர இரண்டு வருடம் ஆனது. அதுவரை சனிக்கிழமைகளில் அப்பா சைக்கிளில் அந்த எல்லைப் பலகைவரை வருவாராம். அம்மா பஸ்ஸில் மற்றப் பக்கத்தால் வருவாராம். பலகைக்கு இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் இவரும் புல்லில் இருந்து, கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டைக் கைமாற்றிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவார்களாம். ஒரு அடிகூட அப்பா தாண்டவில்லையாம்.

அன்றைக்கு எனக்கு இதொன்றும் தெரியாது. கடல் இன்னும் மூன்று மணி நேரத் தூரத்தில் இருந்தது. அவர்கள் இரண்டாம் தரம் தேநீர் ஊற்றுவதைக் கண்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய்க் காரில் ஏறி, அப்பாவின் இருக்கையில் முழந்தாளிட்டு, இரண்டு கையாலும் ஹோர்னை அழுத்தத் தொடங்கினேன்.