இரண்டு தட்டு

என் அண்ணனைத் தெருவில் எல்லாரும் ஆணி என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக ஆணித் தொழிற்சாலையில் வேலை. கம்பியை இழுத்து, வெட்டி, தலை அடித்து, மூச்சு விடாமல் ஆணியாகத் துப்புகிற மிஷின்கள் ஒரே கொட்டகையில் நாற்பது. ஒருமுறை உள்ளே போயிருக்கிறேன், பல்லெல்லாம் ஆடியது. அங்கே வாயைத் திறந்து பேசுகிறவன் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தவன் என்று அர்த்தம். மற்றவர்களுக்குக் கைதான் வாய். முஷ்டியைத் தூக்கிக் காட்டினால் மிஷினை நிறுத்து. விரலைச் சுழற்றினால் மறுபடி ஓட்டு. பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிட உடம்பில் இரண்டு தட்டு. தள்ளி நிற்பவன் என்றால் காலால் தரையில் இரண்டு தட்டு. எல்லாரும் நிற்பது நீளமான மரப்பலகைகள் மேல் என்பதால் அது உள்ளங்காலில் தெரிந்துவிடும்.

அவனுக்கே இப்போது காது பாதிதான் கேட்கும். பேச்சும் கஞ்சம். நானோ பஸ் கண்டக்டர், காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்திச் சாப்பிடுகிறவள். "பேச்சு மொத்தத்தையும் உனக்கே எழுதி வெச்சுட்டாங்க, எனக்கு ஒண்ணும் மிச்சமில்ல" என்பான்.

கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துப் பாப்பா பிறந்தாள். சுகாதார நிலையத்தின் சுவரில், குழந்தையோடு விளையாடுங்கள், அதற்கு அதுதான் பாடம் என்று ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். எங்கள் வீட்டில் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது அண்ணன் ஒருவன்தான். வேலைக்குப் போவதைப் போல நேரம் தவறாமல் விளையாடுவான். வந்ததும் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவுவான். வாசலில் நின்று காலால் இரண்டு தட்டு தட்டுவான். அவர்கள் குடியிருந்தது மாடி, தரை முழுக்கப் பலகை. பாயில் கிடக்கிற பாப்பா உடம்பையே முறுக்கித் திரும்பி, ஈறு தெரியச் சிரிப்பாள்.

"அப்பா வர்ற சத்தம் கேட்டாப் போதும், அப்புறம் என்னை யாருன்னே தெரியாது" என்று அண்ணி குறைப்படுவாள். அதில் குறையைவிடப் பெருமைதான் அதிகம்.

துண்டால் முகத்தை மூடி, சட்டென்று விலக்குவான். பந்தை உருட்டிவிட்டு, அவள் அதைத் தள்ளும்வரை பொறுமையாக உட்கார்ந்திருப்பான். ஒரு பால் டப்பாவில் ஆணிகளைப் போட்டு, மூடியை ஈயம் வைத்துப் பற்றவைத்து, அவள் வயிற்றில் வைத்துக் குலுக்குவான். நடுவில் முஷ்டியைத் தூக்குவான், டப்பா நிற்கும். அவள் கண்ணை விரித்துக் காத்திருப்பாள். விரலைச் சுழற்றுவான், டப்பா ஆடும். சிரிப்பு அப்படியே பொங்கும். எட்டு மாதத்தில் அவளே முஷ்டியைத் தூக்கினாள். பிறகு குட்டி விரலைச் சுழற்றினாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்பனைப் போலவே கோமாளி என்று நினைத்தோம், அவ்வளவுதான்.

ஒரே ஒரு குறை, அடிப்பாள். மடியில் உட்கார்ந்துகொண்டு, அண்ணியின் தொடையில் பட் பட்டென்று உள்ளங்கையால் இரண்டு அடி. திரும்பிப் பார்க்காவிட்டால் இன்னும் இரண்டு. "இப்பவே கை நீளுது பாரு" என்று அண்ணி கையைப் பிடித்துக்கொள்வாள். நான் அவளுக்கு ரவுடி என்று பெயர் வைத்தேன்.

ஒன்பதாவது மாதம், மாடிப் பலகை உளுத்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று வீட்டுக்காரர் ஒரு மாதம் வீட்டைக் காலி செய்து தரச் சொன்னார். மூவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். கீழ் வீடு, சிமெண்டுத் தரை.

முதல் நாள் மாலை அண்ணன் வந்தான். கை கழுவினான். வாசலில் நின்று இரண்டு தட்டு தட்டினான். பாப்பா கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டப்பாவை உருட்டிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. மறுபடி தட்டினான். திரும்பவில்லை.

"புது இடம் இல்லையா, மிரண்டிருக்கா" என்றாள் அண்ணி.

நானும் அதையேதான் சொன்னேன். அண்ணன் தன் காலையே பார்த்தான். பிறகு சிமெண்டைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. பலகை எதைக் கொண்டுபோகும், சிமெண்டு எதைக் கொண்டுபோகாது என்பது எங்கள் மூவரில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அடுத்த நான்கு நாளும் அவன் இந்த வீட்டில் திருடனைப் போல நடமாடினான். பாப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பான். கை தட்டுவான், பூட்டை ஆட்டுவான். ஒருநாள் எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டுவிட்டு, கை தவறிவிட்டது என்றான். சோறு தட்டிலேயே காய்ந்தது. தூங்கும் பாப்பாவின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தான். மூச்சுக்கும் அவன் பயத்துக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு இப்போது தெரியும். ஆனால் பயம் அப்படித்தான், ஒரு இடத்தில் வைத்தால் வைத்த இடத்தில் இருக்காது.

ஐந்தாம் நாள் எனக்கு விடுமுறை. அண்ணி சமையலறையில் இருந்தாள். அண்ணன் என்னைக் கூடத்துக்கு இழுத்தான்.

"உன் விசிலை எடு."

"எதுக்குண்ணா?"

"அவ பின்னாடி நின்னு ஊது. நான் முன்னாடி உக்கார்றேன். என் மூஞ்சில ஒண்ணும் காட்டமாட்டேன்."

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. எத்தனை ஆயிரம் தடவை அந்த விசிலை ஊதியிருப்பேன்! அன்றைக்கு வாயில் வைத்தால் உதடு ஒட்டவில்லை. பாப்பா டப்பாவின் மேல் பந்தை வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது உருண்டு விழ, மறுபடி வைக்க, மறுபடி விழ. அவள் தலைக்குப் பின்னால் ஒரு முழத்தில் நின்று, பஸ்ஸே நிற்கிற மாதிரி ஊதினேன்.

சமையலறையில் பாத்திரம் விழுந்தது. எதிர்வீட்டு நாய் குரைத்தது. "ஏய், வீட்டுக்குள்ள என்ன விசில், பைத்தியமா உனக்கு?" என்று அண்ணி கத்தினாள்.

பாப்பா பந்தை எடுத்து டப்பாவின் மேல் வைத்தாள்.

முகத்தில் ஒன்றும் காட்டமாட்டேன் என்றவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தான். கரண்டியோடு ஓடிவந்த அண்ணி அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் கையில் இருந்த விசிலைப் பார்த்தாள்.

"எத்தனை நாளாத் தெரியும்?" என்றாள்.

"நாலு நாளா."

"நாலு நாளா எங்கிட்ட சொல்லலையா?"

"சொன்னா நெஜமாயிடுமோன்னு பயம்."

அண்ணி கத்தியிருந்தால் தேவலை. சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். பிறந்த மறுநாளே காது பார்க்கிற ஒரு பரிசோதனை இருந்தது. அன்றைக்கு மிஷின் பழுது, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். பச்சை உடம்புக்காரிக்கும் பச்சைக் குழந்தைக்கும் நடுவில் அந்த அடுத்த வாரம் எங்கள் யார் நினைவிலும் இல்லை. அண்ணி அதையே சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணன் வேறொன்றைச் சொன்னான். "நீ வாயும் வயிறுமா இருந்தப்ப தெனம் தொழிற்சாலை வாசல்ல நின்னு சோறு குடுத்தியே. அந்தச் சத்தம்தான். நான்தான் என் பொண்ணு காதைக் கெடுத்தேன்."

இரண்டு நாள் கழித்து மூவரும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். சத்தம் நுழையாத ஒரு சின்ன அறை. கதவைச் சாத்தியதும் என் மூச்சே எனக்குக் கேட்டது. பாப்பா அண்ணியின் மடியில். இடப்பக்கம் ஒரு சத்தம், வலப்பக்கம் ஒரு சத்தம், வரவரக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அண்ணியும் நானும் திரும்பினோம், சத்தம் ஏறியபின் அண்ணனும் திரும்பினான். திரும்ப வேண்டியவள் திரும்பவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. பிரேக் பிடிக்காத பஸ்ஸில் ஒருமுறை மலை இறங்கியிருக்கிறேன், அன்றைக்குக்கூட இல்லை.

பாதியில் பாப்பாவுக்குச் சலித்துவிட்டது. காது பார்க்கிற அம்மாள் மாட்டிய கருவியைத் தட்டிவிட்டு, நேராக அவர் முகத்தைப் பார்த்து முஷ்டியைத் தூக்கினாள்.

"இது என்ன?" என்றார் அவர்.

அண்ணன் கூனிக் குறுகினான். "மிஷினை நிறுத்துன்னு அர்த்தங்க. நாங்க வேலையில... சும்மா வெளையாட்டுக்குப் பண்ணுவேன்."

"நிறுத்தச் சொல்றாளா? சரி, நிறுத்தியாச்சு" என்று கருவியை மேசையில் வைத்தார். பாப்பா கையை இறக்கினாள்.

பிறகு தூங்க வைத்துத் தலையில் ஒயர் ஒட்டியும் பார்த்தார்கள். எல்லாம் முடிந்ததும் அந்த அம்மாள் சுற்றி வளைக்கவில்லை. "ரெண்டு காதுமே ரொம்பக் கம்மி. காது மிஷின் உடனே வெச்சுப் பார்க்கலாம். அது போதலைன்னா ஆபரேஷன். எவ்வளவு கேக்கும்னு நான் இன்னைக்கு வாக்குக் குடுக்க மாட்டேன்." அண்ணன் கேட்கத் துடித்ததை நான்தான் கேட்டேன். காரணம் இன்னும் பார்க்க வேண்டும், ஆனால் தொழிற்சாலை வாசலில் நின்றதால் இல்லை என்றார். எழுந்தபோது அண்ணனிடம், "அந்தக் கை விளையாட்டை விட்டுடாதீங்க. அது பேச்சுதான்" என்றார். அண்ணி அதைக் கேட்டாளா என்று தெரியவில்லை. அவள் பாப்பாவின் காது மடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஒன்பது மாசமா பாடுறேன், கதை சொல்றேன், கொஞ்சுறேன். எல்லாம் காத்தோட போச்சு. அவ என்னை ஒரு தடவைகூடக் கேக்கல. அம்மான்னு என்னைக் கூப்பிடவும் போறதில்ல" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

பாப்பா அண்ணாந்து பார்த்தாள். அம்மாவின் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. உள்ளங்கையை ஓங்கித் தொடையில் பட் பட்டென்று இரண்டு அடி வைத்தாள்.

"அடிக்காதடி, இன்னைக்காவது அடிக்காத" என்றாள் அண்ணி, திரும்பாமலே.

இன்னும் இரண்டு.

அண்ணன் வாசலோரம் நின்றிருந்தான். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ அடிக்கலடி" என்றான். "உன்னைக் கூப்பிடுறா."

அண்ணி திரும்பினாள். பாப்பா ஈறு தெரியச் சிரித்தாள். இத்தனை மாதமாக அந்தக் கையைப் பிடித்துப் பிடித்து மடக்கி வைத்தவள், தன் தொடையில் சிவந்திருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இங்கதான்டி இருக்கேன்" என்றாள். அது கேட்காது என்பது சொன்ன பிறகுதான் உறைத்திருக்க வேண்டும். தொடையைத் தொட்ட கையாலேயே பாப்பாவின் முதுகில் மெதுவாக இரண்டு தட்டு தட்டினாள்.