எழுப்புவதா, வேண்டாமா?

போன வாரப் பத்தி பாதியிலேயே நின்ற மாதிரி இருந்ததே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயம்தான். அரைத் தூக்கத்தில் எழுதியது. காரணம் என் மகள்.

பிறந்து மூன்று வாரம் ஆகிறது. பெயர் இன்னும் முடிவாகவில்லை, இப்போதைக்குப் பாப்பா. பிரசவத்துக்குப் பிறகு மனைவி கலா அடி அண்ணாமலையில் அவள் அப்பா வீட்டில் இருக்கிறாள். நானும் அங்கேயே டேரா போட்டுவிட்டேன்.

செக்கப்புக்குப் போனபோது எடை மெஷினில் பாப்பாவைப் படுக்க வைத்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். பிறந்தபோது இருந்த எடையையே இன்னும் தொடவில்லையாம்.

"ராத்திரி தூங்குதுன்னு விட்டுடாதீங்க. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பிப் பால் குடுங்க. அடுத்த வாரமும் ஏறலைன்னா அட்மிட் பண்ணித்தான் பார்க்கணும்."

அட்மிட் என்ற வார்த்தையைக் கேட்டதும் கலா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை விடவில்லை.

வீட்டில் மாமனார் இருந்தார். மாமியார் இல்லாத வீடு. பத்தியச் சமையலில் ஆரம்பித்து பாப்பாவின் துணி அலசுவது வரை எல்லாம் அவர்தான். நடுவில் மல்லாட்டைக் கொல்லைக்கும், அதாவது வேர்க்கடலைக் காட்டுக்கும், ஒரு நடை போய் வந்துவிடுவார். விஷயத்தைக் கேட்டுத் தலையை ஆட்டினார்.

"தூங்குற கொழந்தைய எழுப்பக் கூடாது மாப்ள. தூக்கத்துலதான் ஒடம்பு ஏறும். கலாவ நாங்க எழுப்புனதே இல்ல."

படித்தவர் ஒன்று சொல்கிறார். பிள்ளை வளர்த்தவர் நேர்மாறாகச் சொல்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது? இன்டர்நெட்டில் தேடினேன். அங்கே இரண்டு கட்சிக்கும் ஆள் இருந்தது. இருந்த குழப்பம் இன்னும் ஜாஸ்தியானதுதான் மிச்சம்.

சரி, டாக்டர் பக்கமே சாய்ந்தோம். அலாரம் வைத்தோம். உள்ளங்காலைச் சுரண்டினோம், ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தோம், காது மடலை நீவிவிட்டோம்... ம்ஹூம். ரொம்பத் தொந்தரவு செய்தால் வீறிட்டு அழுவாள். அழுத களைப்பில் ஒரு வாய்கூடக் குடிக்காமல் தூங்கிவிடுவாள். கலாவும் சேர்ந்து அழுவாள். வாசலில் படுத்திருக்கும் மாமனார் தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

இந்த லட்சணத்தில் பௌர்ணமி வந்தது.

மாமனார் வீடு கிரிவலப் பாதையை ஒட்டியே இருக்கிறது. பௌர்ணமி என்றால் விடிய விடிய ஜனம். அரோகரா சத்தம், சங்கு, புல்லாங்குழல் விற்பவர், சுக்கு காபி சைக்கிள், எங்கேயோ ஒரு ஸ்பீக்கர். வழக்கமாக ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுப்பார்கள். எனக்கு ஒரு யோசனை உதித்தது. ஜன்னலை அகலத் திறந்து, தொட்டிலை அதன் பக்கத்தில் நகர்த்தினேன். நாங்கள் எழுப்பி எழாதவளை ஊரே திரண்டு வந்து எழுப்பட்டுமே?

ஜன்னலை ஒட்டினாற்போல் ஒருவர் சங்கு ஊதினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாப்பா உதட்டைச் சப்புக் கொட்டிவிட்டுத் தூங்கினாள். வளைகாப்பு முடிந்து கலா இங்கே வந்ததிலிருந்து, வயிற்றுக்குள் இருந்தபடியே கேட்டுப் பழகிவிட்டாள் போல.

நடப்பவர்களுக்காக மாமனார் வாசலில் தண்ணீர் டிரம் வைத்திருந்தார். அங்கே ஒரு பெண் வந்து நின்றாள். தோளில் தூங்கும் கைக்குழந்தை, கூடவே கணவன். சென்னையாம்.

"ஐயா, கொஞ்சம் உள்ள உக்காந்து கொழந்தைக்குப் பால் குடுத்துக்கட்டுமா?"

"உள்ள போம்மா. எம் பொண்ணு இருக்கா."

நான் வெளியே வந்துவிட்டேன். ஆனால் ஜன்னல்தான் திறந்திருக்கிறதே — பேச்சு அப்படியே கேட்டது.

"நல்லாத் தூங்குதே... எழுப்பலையா?" கலாவின் குரல்.

"எழுப்பிடாதீங்க சிஸ்டர். முழிச்சிருந்தா வாயே வெக்க மாட்டான். தூக்கத்துலதான் குடிப்பான். கன்னத்துல லேசா தொட்டாப் போதும், தானா வாயத் தொறப்பான். ரெண்டு டாக்டர் பார்த்தாச்சு. முழிச்சிக்கிட்டுக் குடிக்கணும்னு வேண்டிக்கிட்டுத்தான் இன்னிக்கு மலை சுத்துறோம்."

தூக்கத்திலாவது குடிக்க மாட்டாளா என்று நாங்கள் ஏங்குகிறோம், அதுவே அவர்களுக்குக் கஷ்டம். அண்ணாமலையார் யாருக்கு என்று தலையாட்டுவார்?

அவர்கள் கிளம்பிப் போனதும் கலா என்னைக் கூப்பிட்டாள். பாப்பாவை எழுப்பாமலே மடியில் எடுத்து, கன்னத்தில் ஒரு விரலை வைத்தாள். வாய் திறந்தது. கண் திறக்கவில்லை.

"ஏங்க... குடிக்கிறா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னலைச் சாத்துகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டேன். அந்த வாரத்தில் மீதி இருந்த நாளெல்லாம் அப்படியே கொடுத்தோம்.

அடுத்த செக்கப்பில் எடை ஏறியிருந்தது. கலா மெஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி மெஷினைப் பார்த்தாள். டாக்டர் சிரித்தார். "பாத்தீங்களா? எழுப்பிக் குடுத்தா ஏறும்னு சொன்னேன்ல." தலையாட்டினோம்.

வீட்டுக்கு வந்தால் மாமனார். "பாத்தீங்களா மாப்ள? எழுப்பாம வுட்டா ஏறும்னு சொன்னேன்ல." அதற்கும் தலையாட்டினோம்.

யார் சொன்னது சரி? சத்தியமாக எனக்கு இன்னும் புரியவில்லை. அந்தச் சென்னைப் பையன் விழித்துக்கொண்டு குடிக்கிறானா என்றும் தெரியவில்லை. குடித்தால் சந்தோஷம்.

டாக்டர் இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தார். "இனிமே ராத்திரி எழுப்ப வேணாம். பசிச்சா தானா எழுந்துக்கும். எல்லாரும் நிம்மதியாத் தூங்குங்க."

அன்று இரவு அலாரம் வைக்கவில்லை. ஆனாலும் அதே நேரத்துக்கு விழிப்பு வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். பாப்பாவின் வயிற்றில் கை வைத்தபடி கலா கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள்.

"தூங்கலையா?"

"நீங்க?"

வாசலிலிருந்து செருமல் கேட்டது. "மாப்ள... பாப்பா பால் குடிச்சிதா?"

டாக்டர் பேச்சைக் கேட்டுத் தூங்கியது அந்த வீட்டில் ஒருத்திதான்.