ஐம்பதில் வரும் நடுக்கம்

ஷபியுல்லாவின் பட்டறைக்கு முதல்முறை வண்டி கொண்டுவருகிறவர்கள் கொஞ்சம் பயந்துபோவார்கள். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, சிரிப்பின் சாயலே இல்லாமல், "இதுக்கு மூளைக் காய்ச்சலுங்க" என்பார். அடுத்த நிமிஷம் கழன்று தொங்கும் ஒயரை மாட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவார். சவூதியில், தம்மாமில் பதினோரு வருஷம், மணலில் ஓடுகிற, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிகளைப் பிரித்து மேய்ந்தவர் அவர். 2003இல் விருத்தாசலத்துக்குத் திரும்பி, பெண்ணாடம் ரோட்டோரம் பட்டறை போட்டார்.

மூன்று வருஷம் கழித்து, ஒரு ஐப்பசி மாதம் ராஜாங்கம் வந்தார். பீங்கான் ஃபியூஸ் கேரியர் செய்யும் சின்னக் கம்பெனி அவருடையது. சேற்றுக்குள் இறங்கிக் களிமண் ஏற்ற வேண்டும் என்று மிலிட்டரி ஏலத்தில் பழைய லாரி ஒன்று எடுத்திருந்தார். நாலு சக்கரமும் இழுக்கும். ஆனால் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் சாமி வந்ததுபோல ஆடியது. திட்டக்குடிக்கு அனுப்பிய சரக்கில் பாதி சில்லுசில்லாகத்தான் போய்ச் சேர்ந்தது.

"டயரு மாத்தியாச்சு, வீல் பேலன்ஸும் பண்ணியாச்சு பாய். இன்ஜின்தான் போயிருக்குது" என்றார் ராஜாங்கம், எல்லாம் தெரிந்தவர்போல. கம்பெனியில் பேக்கிங்கைப் பார்த்துக்கொள்ளும் அவர் மனைவி கமலமும் கூட வந்திருந்தார்.

ஷபியுல்லா இருவரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டினார். ஐம்பது வந்ததும் லாரி ஆடத் தொடங்கியது. கிளட்ச்சை மிதித்து இன்ஜின் வேகத்தைக் குறைத்தார். ஆட்டம் குறையவில்லை.

"இன்ஜின் பாவம் மொதலாளி. அது மேல பழியப் போடாதீங்க."

பட்டறைக்குத் திரும்பி, இன்ஜின் சுழற்சியை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஓட்டினார். அப்போதும் அதே ஆட்டம். அப்படியானால் கோளாறு பின்பக்க ஷாஃப்ட்டில்தான்.

அடியில் படுத்துப் பார்த்தவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அந்த ஷாஃப்ட் ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு துண்டு. இரு முனையிலும் இருக்கும், கவட்டை மாதிரியான இரும்புக் கவைகள் ஒரே திசையில் நிற்க வேண்டும். இங்கே ஒன்று பெண்ணாடத்தைப் பார்க்க, மற்றது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ உருவி, மாற்றிச் செருகியிருந்தார்கள்.

வெளியே வந்து முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார். "இதக் கழட்டி மாட்டுன மகான் யாரு? அவரு கையில ஒரு மோதிரம் போடணும்."

"ஏலத்துல எடுத்தப்பவே இப்புடித்தான்..." என்று இழுத்தார் ராஜாங்கம்.

"கிரீஸு புதுசா இருக்குதே?"

கமலத்துக்குப் பொறுக்கவில்லை. "ஆவணி மாசம் ஞாயித்துக்கிழமை லாரி அடியில படுத்துக் கெடந்தது யாருங்க? கிரீஸு கையோட வூட்டுக்குள்ள வந்து என் பொடவையில தொடச்சது யாரு?"

ராஜாங்கத்தின் காதெல்லாம் சிவந்தது. ஷபியுல்லா விடவில்லை. வெள்ளைச் சட்டையோடு அவரையே அடியில் படுக்க வைத்தார். கவைகளை நேர்ப்படுத்திச் செருகச் சொல்லி, இரண்டு துண்டிலும் அம்புக்குறி போட வைத்தார். கவையை இணைக்கிற, தேய்ந்திருந்த கிராஸ் ஒன்றைத் தானே மாற்றி, முன் ஷாஃப்ட்டையும் மாட்டினார். அப்புறம் ஓட்டிப் பார்த்தார்கள். ஐம்பதிலும் ஆடவில்லை, அறுபதிலும் ஆடவில்லை.

திரும்பும்போது ராஜாங்கம் சட்டையில் ஒட்டிய கிரீஸ் கறையையே தேய்த்துக்கொண்டு வந்தார். அதைப் பார்த்து ஷபியுல்லாவுக்கு மனசு கேட்கவில்லை. மனைவி ஜுலைகாவிடம்கூடச் சொல்லாததை அவரிடம் சொன்னார்.

"தம்மாம் போன மொத மாசம் நானும் இதே வேலையத்தான் பண்ணேன் மொதலாளி. அங்க பெரிய மொதலாளி ஒக்காந்து போற வண்டி. அவரு பல்செட்டே கழண்டு மடியில வுழுந்துடுச்சு."

ராஜாங்கம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

மறுநாள் காலை டீக்கடைக்குப் போன ஷபியுல்லாவைப் பார்த்து நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "பாய், பல்செட்ட அப்பறம் யாரு மாட்டிவுட்டாங்க?" என்றார் கடைக்காரர். ராஜாங்கம் தன் பங்கை மட்டும் லாவகமாக மறைத்துவிட்டு ஊரெல்லாம் சொல்லியிருந்தார். ராஜாங்கம் மாற்றிச் செருகிய கதையை ஷபியுல்லாவும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பேக்கிங்கில் இருந்த இருபது பெண்களுக்கும் கமலம் முந்தின நாள் சாயங்காலமே சொல்லி முடித்திருந்தார்.