பூங்காவுக்குக் காவல் வைத்த கல்

எங்கள் நகருக்குப் பேரே கார்டன்தான். முசரவாக்கம் போகிற வழியில், நெல் விளைந்த நிலத்தில் கல் நட்டுப் பிரித்த மனைகள். மனை விற்ற கம்பெனி ஆள் வரைபடத்தை விரித்தபோது நடுவில் பச்சையாக ஒரு சதுரம் இருந்தது. "இது பார்க்கும்மா. அப்ரூவல்லயே இருக்குது, யாரும் கை வைக்க முடியாது. ஊஞ்சல், சறுக்கு மரம் எல்லாம் வரப்போவுது" என்றான். என் வீட்டுக்காரர் தண்ணீர் எப்படி, பஸ் எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பச்சைச் சதுரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எங்களுக்கு ஒரே பெண். தலையில் நரை எட்டிப் பார்க்கிற வயது அவளுக்கு. மனசு மட்டும் சின்னக் குழந்தையாகவே நின்றுவிட்டது. பேசத் தெரிந்தது கொஞ்சம் வார்த்தைகள்தான். ஊஞ்சலுக்கு அவள் வைத்த பேர் "ஆடி". கோபம் வந்து தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும்போது ஊஞ்சலில் உட்கார வைத்தால் போதும், அடங்கிவிடுவாள். மாத்திரைக்கு அடங்காததுகூட அதற்கு அடங்கும். டவுனில் நாங்கள் இருந்த ஒண்டுக் குடித்தனத்தில் தறி போக மிச்சமிருந்த இடத்தில் மூன்று பேர் படுப்பதே பெரும்பாடு. ஊஞ்சலை எங்கே மாட்டுவது? அவளுக்காகத்தான் கார்டனுக்கு வந்தோம், வேறு எதற்காகவும் இல்லை.

கம்பெனிக்காரர்கள் சொன்னதைச் செய்தார்கள், பொய் சொல்லக் கூடாது. ஊஞ்சல் வந்தது, புல் வந்தது, வேப்பங்கன்றுகள் வந்தன. கடைசி மனை விற்றதும் பூங்காவைப் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஒரு நகரை உண்டாக்க எத்தனை பேர் வருகிறார்கள், அடேயப்பா! சர்வேயர், இன்ஜினியர், தரகர், பூஜை போட ஐயர். உண்டாக்கிய பிறகு அதைப் பார்த்துக்கொள்ளத்தான் நாதியில்லை. போர் மோட்டார் கெட்டது, புல் காய்ந்தது. என் வீட்டுக்காரர்தான் குடத்தில் தண்ணீர் சுமந்து கன்றுகளை மரமாக்கினார். தறிக்குப் போடுகிற எண்ணெயை ஊஞ்சல் சங்கிலிக்கும் போட்டார். சாயங்காலம் அவள் ஆடுவாள், அவர் பின்னால் நின்று தள்ளுவார். அந்த நேரத்தில்தான் நான் உட்கார்ந்து ஒரு காப்பி குடிப்பேன். எனக்கென்று கிடைத்த நிம்மதி அந்தக் காப்பி அளவுதான்.

பிறகு ஒருநாள் பூங்கா மூலையில் யாரோ ஜல்லியும் செங்கல்லும் கொட்டினார்கள். கம்பி வேலி போட ஆள் வந்தது. அதையும் மனையாக்கி விற்கப் போகிறார்கள் என்று பேச்சு. வீட்டுக்காரர் மனுவைத் தூக்கிக்கொண்டு எல்லா ஆபீஸ் படியும் ஏறி இறங்கினார். பார்க்கைப் பற்றிக் கேட்ட இடத்திலெல்லாம் "பார்க்கலாம்" என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சுவரில் ஒண்ணுக்கு அடிக்காமலிருக்கச் சாமி படம் ஒட்டுகிற ஊர்தானே நம்முடையது. அந்தப் புத்திதான் அவருக்கும் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை விடியலில், வீடு கட்டி மிஞ்சிய கருங்கல் ஒன்றை வேப்பமரத்தடியில் நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மரத்துக்கு ஒரு மஞ்சள் துணியையும் சுற்றிவிட்டு வந்தார். "இனிமே எவன் வரான் பார்ப்போம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஜல்லியைக் கொட்டியவர்களே வந்து வாரிக்கொண்டு போனார்கள். போகும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம்.

முதலில் ஒருத்தி விளக்கு வைத்தாள். பிறகு பொங்கல் வைத்தார்கள். பிறகு தகரக் கூரை, உண்டியல், கமிட்டி. மண் தரை முழுக்க டைல்ஸ் போட்டு, சுற்றிலும் மதில் எழுப்பினார்கள். ஊஞ்சல் மதிலுக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. பூஜை நேரம் தவிர கேட்டுக்குப் பூட்டு. எங்கள் பெண் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு "ஆடி, ஆடி" என்று அழுவாள். வீட்டில் ஒரு ஊஞ்சல் மாட்டிப் பார்த்தோம். அதை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சுவரில் மோதிக்கொள்வது திரும்பவும் ஆரம்பித்தது.

வீட்டுக்காரர் கமிட்டிக் கூட்டத்துக்குப் போனார், நானும் கூடப் போனேன். "சாயங்காலம் கொஞ்ச நேரம் கேட்டைத் திறந்து விடுங்கப்பா, பொண்ணு ஆடிட்டு வந்துரும்" என்றார். கோயிலுக்குள்ளே அவள் கத்தினால் நன்றாயிருக்காது என்றார்கள். அவருக்குத் தாங்கவில்லை. "அது சாமியே இல்லப்பா. இடத்தைக் காப்பாத்த நான் சும்மா வச்ச கல்லு" என்று சொல்லிவிட்டார். தலைவர் கோபப்படக்கூட இல்லை. "நீங்க வச்சது கல்லுதான் சார், யாரு இல்லன்னா? அதுல ஆத்தா வந்து உக்காந்தது உங்களுக்குத் தெரியல. தப்பாப் பேசிட்டீங்க, கன்னத்துல போட்டுக்குங்க" என்றார். என் வீட்டுக்காரர் போட்டுக்கொண்டார்.

இந்த ஆடியில் திருவிழா. "ஆடி வெள்ளி, ஆடி வெள்ளி, அனைவரும் வாரீர்" என்று மைக் அலறியது. எங்கள் பெண் கையைத் தட்டிக்கொண்டு ஓடிப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அவளைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டாள், பாவி மகள். அன்றைக்குக் கேட் திறந்திருக்கும், ஒரு ஓரமாக உட்கார வைத்துக் கூட்டி வந்துவிடலாம் என்று அழைத்துப் போனோம்.

ஊஞ்சலுக்குப் பெயின்ட் அடித்து, சங்கிலி தெரியாமல் பூச்சுற்றி, அதில் பட்டுப் புடவை கட்டிய அம்மனை உட்கார வைத்திருந்தார்கள். ஊஞ்சல் சேவையாம். எங்கள் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சங்கிலியைப் பிடித்தாள். "தள்ளிக்கோமா, அம்மா ஆடிக்கினு இருக்கா" என்று ஒருத்தி அவள் கையை எடுத்துவிட்டாள். கத்தப் போகிறாள் என்று பயந்தேன். அவள் கத்தவில்லை. அம்மன் முன்னால் போனபோது முன்னால் சாய்ந்தாள், பின்னால் வந்தபோது பின்னால் சாய்ந்தாள். தீபாராதனை முடிகிற வரை நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தாள்.

ஆடி இன்னும் முடியவில்லை. மைக் தினமும் கூப்பிடுகிறது, அவளும் தினமும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாள். பார்க்க முடியாமல் நேற்று வீட்டுக்காரர் அந்தச் செருப்பைப் பரண்மேல் ஒளித்து வைத்தார். இன்று காலையிலிருந்து வெறுங்காலோடு வாசலில் நிற்கிறாள்.